போர் என்றால் பைன் மரம்

அந்த ஊரின் பெயரைத் தமிழில் எழுதினால்
போர்.
செர்பிய மொழியில் அதற்குப்
பைன் மரம் என்று பொருள்.
நான் போயிருந்தபோது ஊருக்குள்
பைன் ஒன்றும் கண்ணில் படவில்லை.
மற்றது கொஞ்சம் தெரிந்தது:
செம்பு உருக்கும் ஆலையின் புகைபோக்கி
வெள்ளைக் கொடியா கறுப்புக் கொடியா என்று
முடிவெடுக்காமலே
எதையோ ஏற்றி வைத்திருந்தது.

ஆறாம் வகுப்பு, இரண்டாம் பிரிவு.
இருபத்து மூன்று பிள்ளைகள்
ஆளுக்கொரு கம்பிச் சட்டத்தோடு
மலைச்சரிவில் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.
ஒரு சட்டத்துக்கு நூறு கட்டம்.
மரப்பட்டைமேல் வைத்து அழுத்தி
பாசி இருக்கிற கட்டங்களை எண்ண வேண்டும்.
டீச்சர் தெசாங்கா சொன்னது ஒன்றே ஒன்று:
"குத்துமதிப்பு கூடாது."

குளத்துப் பாசி இல்லை இது.
நம் பிரியாணியில் வாசத்துக்குக் கிள்ளிப் போடும்
கல்பாசிக்கு ஒன்றுவிட்ட தங்கை.
வேர் என்று எதுவும் இல்லாமல்
காற்றைச் சோறாகத் தின்று வளர்வது.
சோறு கெட்டால்
சண்டை போடாது, மனுக் கொடுக்காது.
ஒருநாள் பார்த்தால்
இருந்த இடம் காலியாக இருக்கும்.

மேலே, பீச் மரக் காட்டில்
ஓக்னியன் எழுபத்து நாலு என்று கத்தினான்.
கல்குவாரிப் பாதையில் ஐம்பத்தொன்று.
கல்லறைத் தோட்டத்து ப்ளம் மரத்தில் முப்பது;
அங்கே மட்டும் யாரும் கத்தவில்லை.
பேருந்து நிறுத்தத்தில் ஆறு,
அதில் ஒன்று பாசியா சூயிங்கமா என்று
பத்து நிமிடம் தகராறு.

பிறகு பள்ளிக்கூட வாசல்.
லிண்டன் மரம்.
ஜூன் மாதம் அதன் பூவைப் பறித்துத்தான்
பாதி ஊர் தேநீர் போடுகிறது.
ஸ்மில்யா சட்டத்தை வைத்தாள்.
வடக்குப் பக்கம் வைத்தாள்.
குந்தி உட்கார்ந்து, எக்கி நின்று,
வுகாஷினின் தோளில் ஏறியும் வைத்தாள்.

"படிவத்தில் ஒன்றிலிருந்துதான் இருக்கிறது டீச்சர்.
ஒன்றுமில்லாததை எங்கே எழுத?"

தலைநகரில் அச்சடித்த படிவம்.
அவர்கள் ஊரில் பைன் இருக்குமாயிருக்கும்.

டீச்சர் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு நின்றாள்.
"ஓரத்தில் எழுது" என்றாள் கடைசியில்.
ஸ்மில்யா எழுதவில்லை.
அவள் அப்பாவுக்கு உலைக்கூடத்தில் இரவு ஷிப்ட்.
அந்தச் சுழியைப் போட்டால்
அது அப்பாவைச் சுற்றிப் போட்ட வட்டம் மாதிரி இருக்கும்
என்று அவளுக்குத் தோன்றியது
(இதை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்,
அதுவும் மூன்று நாள் கழித்து).

சட்டத்தைப் பைக்குள் போடாமல்
கையிலேயே பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.
மிலுதின் அப்போதுதான் எழுந்து
சூப்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தான்.
என்ன இது, எலிப்பொறியா என்று கேட்டான்.
சொன்னாள்.
கேட்டுவிட்டு அடுப்பை அணைத்தான்.
கொக்கியில் தொங்கிய வேலைச் சட்டையை எடுத்து
மேசைமேல் விரித்து
முழங்கைக்கு மேலே சட்டத்தை வைத்தான்.
"எண்ணு."
தீப்பொறி தின்ற ஓட்டைகள்,
அமிலம் நக்கிய ஓட்டைகள்.
கட்டம் கட்டமாக, குத்துமதிப்பில்லாமல்.
பத்தொன்பது.
"இதையும் எழுது" என்றான்.
சூப் ஆறிப்போயிருந்தது.

மறுநாள் அவள் தாளின் ஓரத்தில்
இரண்டு வரி கூடியிருந்தது:
லிண்டன், பள்ளி வாசல்: 0.
சட்டை, இடது கை: 19.
இரண்டாவதை எந்தப் பத்தியில் கூட்டுவது என்று
டீச்சருக்குத் தெரியவில்லை.
கூட்டாமலே அனுப்பினாள்.

பதில் இன்னும் வரவில்லை.
வந்தாலும் என்ன வரும்?
சில வகைப் பாசி வருடத்துக்கு
ஒரு மில்லிமீட்டர்கூட வளராதாம்;
அலுவலகங்களும் அப்படித்தான்.

நான் கிளம்பிய அன்று
லிண்டன் மரத்தின் வடக்குப் பக்கம்
யாரோ நீலப் பெயின்ட்டில்
ஒரு சதுரம் வரைந்திருந்தார்கள்.
சரியாகச் சட்டத்தின் அளவு.
உள்ளே எதுவும் இல்லை.
கீழே கோணல் எழுத்தில்
அடுத்த வருட ஆறாம் வகுப்புக்கு ஒரு குறிப்பு:

இங்கேயே பாருங்கள்.
இடத்தை மாற்றாதீர்கள்.